பேணுவார் இல்லாத உரிமை



புதுவீடு ஒன்று எழும்புமாயின் கால்கோள் விழாவுக்கு அழைப்பிதழ் அச்சாகும். குடிபுகு விழாவுக்கு ஊரே திரண்டு வரும். ஆனால், ஆண்டுதோறும் மழைக்கு முன்னர்க் கூரையேறி, உடைந்த ஓட்டை மாற்றி, ஒழுக்கை அடைக்கின்றவனுக்கு எவரும் மாலை சூட்டுவதில்லை. அவன் ஏறாமல் விட்ட ஆண்டில்தான் அவன் அருமை விளங்கும். இற்றை நாளில் ஒவ்வொருவர் கையிலும் இருக்கின்ற கைப்பேசிக்குள்ளும் கண்ணுக்குத் தோன்றாத ஒரு கூரை உண்டு. அதற்கும் ஒழுக்கு உண்டு. அவ்வொழுக்கை அடைப்பதற்கென்றே உலகின் பல மூலைகளில், கூலி கருதாது, இரவில் கண்விழித்து உழைக்கின்ற தொண்டர்களும் உளர். இவ்வுரை அவர்தம் தொண்டைப் பற்றியது. அத்தொண்டு நின்றுபோனால் விளையும் கேட்டைப் பற்றியது.

கருவி சாவதில்லை, கைவிடப்படுகின்றது

கைப்பேசி என்பது கண்ணாடியும் மாழையும் சில்லும் சேர்ந்த ஓர் உடல். அவ்வுடலை இயக்குவது மென்பொருள். மென்பொருளுள் அடித்தளமாக நின்று பிறவற்றையெல்லாம் தாங்குவது இயங்குதளம். அவ்வியங்குதளத்தின் நடுவே கருவாக அமைந்து, சில்லுகளோடு நேரே உறவாடுவது கருநிரல். ஒளிப்படக்கருவி, ஒலிவாங்கி, தொடுதிரை, அலைவாங்கி முதலாய ஒவ்வோர் உறுப்பையும் இயக்குதற்கெனத் தனித்தனியே அமைந்த சிறு பகுதிகள் இயக்கிகள். இந்நான்கு சொற்களையும் மனத்தில் இருத்திக்கொண்டால் இவ்வுரையில் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

கருவியை விற்ற குழுமம் சில ஆண்டுகள்வரை அதன் மென்பொருளைத் திருத்தி விடுக்கும். பின்னர் நிறுத்திவிடும். கண்ணாடி உடைந்திராது, மின்கலம் தளர்ந்திருந்தாலும் மாற்றத்தக்கதாக இருக்கும், பேச்சும் தெளிவாகவே கேட்கும். ஆயினும், அதன்பின் கண்டறியப்படுகின்ற ஓட்டைகள் அடைபடா. புதிய செயலிகள் ஒவ்வொன்றாக அதனைப் புறக்கணிக்கும். முடிவில் நல்ல நிலையிலுள்ள கருவி பெட்டியறைக்குப் போகும். பழுது கருவியில் இல்லை. சில்லு செய்வோர் தம் இயக்கிகளைப் புதுப்பிப்பதை நிறுத்திக்கொள்ள, கருவி செய்வோரும் தம் பங்கை நிறுத்திக்கொள்ள, பேணுதல் அற்றுப்போனமையே அதன் சாவுக்குக் கரணியம்.

ஓட்டை என்பது கற்பனை அன்று. 2015ஆம் ஆண்டு சூலைத் திங்களில், ஆண்டிராய்டு இயங்குதளத்துள் படங்களையும் ஒலிகளையும் இயக்கும் 'இசுடேச்பிரைட்டு' எனும் பகுதியில் பெரும் ஓட்டைகள் இருத்தலை யோசுவா டிரேக் எனும் ஆய்வாளர் வெளிப்படுத்தினார். படச்செய்தி ஒன்றைக் கைப்பேசிக்கு விடுத்த அளவிலேயே அயலான் உள்ளே நுழையக்கூடும் என்பது அவ்வாய்வின் முடிபு. ஏறத்தாழ 95 கோடிக் கருவிகள் இக்கேட்டுக்கு ஆட்படத்தக்கன என்று கண்டறிந்தோர் மதிப்பிட்டனர். அவ்வாண்டு ஆகத்துத் திங்கள் முதற்கொண்டே கூகுள் குழுமம் திங்கள்தோறும் காப்பு அறிக்கை வெளியிடத் தொடங்கியது. அறிக்கை திங்கள்தோறும் வருகின்றது, திருத்தமும் வருகின்றது. ஆனால், கைவிடப்பட்ட கருவியின் வாயிலில் அத்திருத்தத்தை ஏந்திவந்து கதவைத் தட்டுவார் யார்? இதுவே கேள்வி.

திறந்த ஊற்று

இக்கேள்விக்கு விடை காணும் வழியைத் திறந்துவைத்தது திறவூற்று மென்பொருள் எனும் கொள்கை. மென்பொருளின் செய்முறையை, அஃதாவது மாந்தர் படித்தறியத்தக்க நிரலை, மறைக்காமல் வெளியிடுதலே அது. 1983ஆம் ஆண்டு அமெரிக்கரான ரிச்சர்டு சுட்டால்மன் 'குனு' எனும் பெருமுயற்சியை அறிவித்தார். அவர் இதனைக் கட்டற்ற மென்பொருள் என்பார். மென்பொருளை விரும்பியவாறு இயக்கவும், படித்து மாற்றவும், படியெடுத்து வழங்கவும், மாற்றியதைப் பிறர்க்கு வழங்கவும் பயன்கொள்வோர்க்கு உரிமை உண்டு என்பது அவர் வகுத்த நான்கு உரிமைகளின் சுருக்கம். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவரான லினசு தோர்வால்சு ஒரு கருநிரலை எழுதி வெளியிட்டார். 'இலினக்சு' எனப் பெயர் பெற்ற அதுவே இன்று ஆண்டிராய்டுக் கைப்பேசிகளின் கருவாக உள்ளது. அதன் உரிம முறிப்படி, கருவியை விற்போர் தாம் மாற்றிப் பயன்படுத்திய கருநிரலின் ஊற்றையும் தரக் கடமைப்பட்டவர் ஆவர். இக்கடமை இல்லையெனில் கைவிடப்பட்ட கைப்பேசிக்கு எவரும் கைகொடுக்க இயலாது.

ஆயினும் முழு ஊற்றும் திறந்தது என்று எண்ணிவிடற்க. கருநிரலுக்கு வெளியே நிற்கும் இயக்கிகள் பலவற்றைச் சில்லு செய்வோர் மூடிய பொதிகளாகவே தருவர். அவற்றுள் இருப்பது எவர்க்கும் தெரியாது. வேறு சிலர் கருவியைத் தொடங்கும் பகுதியையே பூட்டிவைத்து, வாங்கியவர்க்கும் திறவுகோல் தருவதில்லை. ஆகலின் தொண்டர்கள் ஒருபால் திறந்த வயலிலும், ஒருபால் வேலியடைத்த நிலத்திலும் உழவேண்டியவர்களாய் இருக்கின்றனர்.

பெயர் போயிற்று, பணி போகவில்லை

முதல் ஆண்டிராய்டுக் கைப்பேசியான எச்.டி.சி. திரீம் 2008இல் விற்பனைக்கு வந்தது. 2009இல் அக்கருவிக்கெனத் திருத்திய இயங்குதளம் ஒன்றை இசுட்டீவு கொண்டிக் என்பார் வெளியிட்டார். 'சயனோசென்மாடு' என்பது அதன் பெயர். அவ்வாண்டே கூகுளிடமிருந்து தடைமடல் வந்தது. இயங்குதளம் திறந்ததாயினும் அதனோடு சேர்த்து வழங்கப்பட்ட கூகுள் செயலிகள் திறந்தன அல்ல என்பது அம்மடலின் சாரம். தொண்டர்கள் அச்செயலிகளை நீக்கிவிட்டு, திறந்த பகுதியை மட்டும் வழங்கிப் பணியைத் தொடர்ந்தனர். பற்பல கருவிகட்கு அது பரவியது.

2013இல் அப்பணியைச் சுற்றி ஒரு வணிகக் குழுமம் அமைந்தது. மூன்றாண்டுகட்குள் அது தளர்ந்தது. 2016 திசம்பர் இறுதியில் தன் வழங்கிகளையெல்லாம் நிறுத்தப்போவதாக அறிவித்தது. இலக்கக்கணக்கானோர் நம்பியிருந்த பெயரும் இணையதளமும் ஒரே கிழமையில் மறைந்தன. ஆனால் நிரல் மறையவில்லை. ஏனெனில் அது எவருடைய தனியுடைமையும் அன்று. அதே திசம்பர் 24ஆம் நாள், அதே தொண்டர்கள் அதே நிரலை எடுத்துக்கொண்டு 'இலினியேச்சு' எனும் புதுப்பெயரில் பணியைத் தொடர்வதாக அறிவித்தனர். அச்சொல்லுக்கு மரபுவழி என்பது பொருள். 2017 சனவரியிலேயே புதிய பதிப்புகள் வெளிவரலாயின.

இதனின்று பெறத்தக்க பாடங்கள் இரண்டு. பெயரை விற்கலாம், வழங்கியை நிறுத்தலாம், திறந்த நிரலைக் கொல்ல இயலாது என்பது ஒன்று. நிரல் தானே பிழைத்துக்கொள்ளவில்லை. அதனைத் தூக்கிச் சுமக்க ஆட்கள் இருந்தமையால்தான் பிழைத்தது என்பது மற்றொன்று. முன்னதை எல்லாரும் பேசுவர். பின்னதைப் பேசுவார் சிலரே.

பேணுநர் என்பார் யார்?

இலினியேச்சு முறையில் ஒவ்வொரு கருவிக்கும் பேணுநர் எனப்படுவார் ஒருவரோ சிலரோ பொறுப்பேற்றிருப்பர். அக்கருவி அவர் கையிலேயே இருத்தல் வேண்டும். திங்கள்தோறும் காப்புத் திருத்தங்கள் வந்தவுடன் அவற்றைத் தம் கருவியின் நிரலோடு பொருத்த வேண்டும். கருநிரல் பழையதாயின் புதிய திருத்தம் அப்படியே பொருந்தாது. புதுத் துணியைப் பழைய சட்டையின் கிழிசலுக்கு ஏற்ப வெட்டித் தைப்பதுபோல், வரிவரியாகப் பார்த்துக் கையால் பொருத்த வேண்டும். பின்னர் முழு இயங்குதளத்தையும் கட்டியெழுப்ப வேண்டும். வலிமை குறைந்த கணினியில் அது பல மணிநேரம் எடுக்கும். கட்டியதைத் தம் கருவியில் ஏற்ற வேண்டும். ஏற்றிய பின்னர்தான் உண்மையான வேலை தொடங்குகின்றது. அதுவே ஆய்ந்து பார்த்தல்.

பேசுவது கேட்கின்றதா? எதிர்முனையார்க்கும் கேட்கின்றதா? குறுஞ்செய்தி போய்ச் சேர்கின்றதா? முன்பக்கத்து ஒளிப்படக்கருவியும் பின்பக்கத்து ஒளிப்படக்கருவியும் படம் எடுக்கின்றனவா? காதணி ஒலிக்கருவியைச் செருகினால் ஒலி அதன்வழிப் போகின்றதா? இடங்காட்டி சரியான தெருவைக் காட்டுகின்றதா? கருவி உறங்கும்பொழுது மின்கலம் வீணே வடிகின்றதா? பழைய பதிப்பினின்று புதிய பதிப்புக்கு ஏறும்பொழுது, பயன்கொள்வோர் சேர்த்துவைத்த படங்களும் எண்களும் அழியாது நிற்கின்றனவா? இவையெல்லாம் ஒவ்வொரு முறையும் பார்க்கப்பட வேண்டியவை.

இவற்றுள் தலையாயது நெருக்கடி அழைப்பு. 112 எனும் எண்ணை அழைத்தால் அழைப்புச் செல்ல வேண்டும். தொலைபேசி வசதியுள்ள எக்கருவியாயினும் விற்கப்பட்டபொழுது இவ்வழைப்பு எவ்வாறு சென்றதோ அவ்வாறே திருத்திய பின்னும் செல்ல வேண்டும் என்பது இலினியேச்சுத் தொண்டர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட வரையறைகளுள் ஒன்று. நடுத்தெருவில் அடிபட்டுக் கிடப்பானுக்கு, திரையின் அழகும் செயலிகளின் எண்ணிக்கையும் எப்பயனும் தரா. அந்த ஓர் அழைப்பே உயிர். விளையாட்டாக அவ்வெண்ணை அழைத்துப் பார்ப்பதும் ஆகாது. உண்மையில் இடர்ப்படுவானின் வழியை அது அடைத்துவிடும். எனவே இதனை ஆய்வதற்கே பெரும் பொறுப்புணர்வு வேண்டும்.

ஒருவர் எழுதிய திருத்தத்தை மற்றொருவர் படித்துப் பார்த்து ஒப்பிய பின்னரே ஊற்றில் சேர்ப்பர். பேணுநர் இல்லாது போன கருவி பட்டியலினின்று நீக்கப்படும். இஃது இரக்கமின்மை அன்று, நேர்மை. காவாத ஒன்றைக் காப்பதாகச் சொல்லி மக்களை நம்பவைத்தல் அதனினும் பெருந்தீங்கு. 2020 மே திங்களில் இலினியேச்சின் வழங்கிகளுக்குள் அயலார் நுழைந்தனர். ஆயினும் பதிப்புகளுக்கு முத்திரையிடும் திறவுகோல்களைத் தொண்டர்கள் அவ்வழங்கிகளில் வைக்காமல் தனியே காத்துவந்தமையால், அவை அயலார் கைப்படவில்லை. முன்கூட்டியே கதவடைத்தவன் வீட்டில் கள்வன் முற்றத்தளவில் நின்றான்.

வழு ஆய்தல்

மென்பொருட் பிழைக்குத் தமிழர் வழங்கும் சொல் 'வழு' என்பது. எத்துணைப் பொருத்தமான சொல்! திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகையாக வழுவைப் பகுத்துணர்ந்த இலக்கண மரபினர்க்கு, பிழை எத்தகையது என வகைப்படுத்துவதே அதனைக் களைவதற்கு முதற்படி என்பதைச் சொல்லித்தர வேண்டுவதில்லை. வழுவை வழுவென அறிந்தும் ஒரு கரணியம் பற்றி ஏற்றுக்கொள்வதை வழுவமைதி என்றனர். மென்பொருட் பேணுநரும் அவ்வாறே, இன்ன குறை உள்ளது, இப்பொழுது நீக்க இயலவில்லை என வெளிப்படையாக எழுதி வைத்தே பதிப்பை வெளியிடுவர். மறைத்த வழுவே கேடு. அறிவித்த வழு கேடன்று.

"வேலை செய்யவில்லை" என்பது குறை. அஃது அறிக்கை ஆகாது. எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, என்ன செய்தபொழுது, என்ன நேரும் என எதிர்பார்த்து, என்ன நேர்ந்தது, மீண்டும் செய்தால் மீண்டும் நேர்கின்றதா என்னும் ஆறும் அடங்கியதே அறிக்கை. இவ்வாறு ஒழுங்காக எழுதத் தெரிந்த ஒருவர், நிரல் எழுதத் தெரியாதவராயினும், பேணுநர்க்குப் பெருந்துணையாவார்.

அறிக்கை சரியாக அமைந்தால் வழுவின் பிறப்பிடத்தைக் கண்டுபிடிக்கும் வழி வியப்புக்குரியது. பழைய பதிப்பில் இல்லாத வழு புதிய பதிப்பில் தோன்றுகின்றது எனக் கொள்க. இடையே 1024 மாற்றங்கள் நிகழ்ந்திருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டுவதில்லை. சரிபாதியில் உள்ள மாற்றம் வரை கட்டி ஆய்ந்தால் வழு முன்பாதியில் உள்ளதா, பின்பாதியில் உள்ளதா என்பது தெரியும். அப்பாதியை மீண்டும் இருகூறாக்குக. இவ்வாறு பத்தே முறையில் அந்த ஒரு மாற்றம் தனித்து நிற்கும். 2005இல் தோர்வால்சு எழுதிய 'கிட்' எனும் நிரற்காப்புக் கருவியில் இம்முறை அமைந்துள்ளது. ஆனால் ஒவ்வொரு முறையும் கருவியில் ஏற்றி, தொட்டுப் பார்த்து, "உண்டு", "இல்லை" என்று சொல்லப் பொறுமையுள்ள ஒருவர் வேண்டும். அப்பொறுமையை எந்தப் பொறியும் தாராது.

ஆய்வோர் பலதிறத்தாராய் இருத்தலும் வேண்டும். 2001இல் சுவீடன் நாட்டார் சிலர், ஆர்க்கோசு எனும் குழுமத்தின் கையடக்க இசைக்கருவிகட்கெனத் திறந்த மென்பொருள் ஒன்றை எழுதத் தொடங்கினர். 'இராக்பாக்சு' எனப் பெயரிய அதில், திரையில் உள்ள பட்டியலைக் குரலால் படித்துக்காட்டும் வசதி அமைந்தது. கண்பார்வை அற்றோர்க்கு அஃது எத்துணைப் பெரிய கொடை! அவ்வசதி சரியாக உள்ளதா என்பதைக் கண்ணுடையார் எத்தனை பேர் ஆய்ந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு அதனையே நம்பி வாழ்பவர் ஆய்ந்ததற்கு ஈடாகாது. அம்முயற்சி தொடங்கி இருபது ஆண்டுகட்கும் மேலாகியும் அயரவில்லை. அதன் நான்காம் பெரும்பதிப்பு 2025இல் வெளிவந்தது.

ஏழாண்டு வாழ்ந்த கைப்பேசி

நெதர்லாந்து நாட்டுப் பேர்போன் குழுமம் 2015 இறுதியில் 'பேர்போன் 2' எனும் கைப்பேசியை வெளியிட்டது. திருகாணியைக் கழற்றி உறுப்பை மாற்றிக்கொள்ளத்தக்க கருவி அது. ஆண்டிராய்டின் ஐந்தாம் பதிப்போடு பிறந்தது. அதன் சில்லைச் செய்த குழுமம் ஆறாம் பதிப்போடு தன் துணையை நிறுத்திக்கொண்டது. வேறு கருவியாயின் அன்றே அதன் கதை முடிந்திருக்கும். பேர்போன் குழுமத்தாரோ இலினியேச்சுத் தொண்டர்கள் அக்கருவிக்கென முன்பே செய்துவைத்திருந்த பணியை அடித்தளமாகக் கொண்டு மேலே ஏறினர். கூகுளின் சான்று பெறுவதற்கான ஆய்வுகளோ சில நூறாயிரம்! அவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் கடந்து, 2021இல் ஒன்பதாம் பதிப்பை அக்கருவிக்கு வழங்கினர். 2023 மார்ச்சு வரை, ஏறத்தாழ ஏழாண்டுகட்கும் மேலாக, அக்கருவி பேணப்பட்டது.

சில்லுக் குழுமம் கைவிட்ட பின்னும் ஒரு கருவியை வாழவைக்க இயலும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. "இயலாது" என்று பெருங்குழுமங்கள் சொல்லும்பொழுது, "விரும்பவில்லை" என்பதே அதன் பொருள் எனக் கொள்ளலாம். தொண்டர் பணியும் குழுமத்தின் பொருளும் கைகோத்தமையே இவ்வெற்றியின் கமுக்கம். தொண்டர் இல்லையேல் அடித்தளம் இல்லை. பொருள் இல்லையேல் அத்தனை ஆய்வுகளையும் முடித்தல் இல்லை.

போசுட்டுமார்க்கெட்டு ஓஎசு எனும் மற்றொரு முயற்சி 2017 மே திங்களில் அறிவிக்கப்பட்டது. சந்தை முடிந்த பின்னும் வாழ்தல் என்னும் கருத்து அப்பெயரிலேயே உள்ளது. ஒரு கைப்பேசி பத்தாண்டு வாழ வேண்டும் என்பது அம்முயற்சியாரின் தொடக்க இலக்கு. கருவிக்கொரு பழங்கருநிரலைக் கட்டிக்கொண்டு அழாமல், உலகுக்குப் பொதுவான இலினக்சுக் கருநிரலிலேயே எல்லாக் கருவிகளின் இயக்கிகளையும் சேர்த்துவிடுவது அவர்தம் வழி. பொதுவில் சேர்ந்த திருத்தம் ஒருமுறை செய்தால் எல்லார்க்கும் பயன்படும். 2009இல் வெளிவந்து, செய்த குழுமத்தாலேயே கைவிடப்பட்ட நோக்கியா என்900 போன்ற கருவியும் இம்முயற்சியால் உயிர்பெற்றது. நன்கு பேணப்படுவன இவை, ஆய்வில் இருப்பன இவை என்று கருவிகளை அவர்கள் வெளிப்படையாகப் பிரித்தும் வைத்துள்ளனர்.

களைப்பே பெரும்பகை

இத்துணைப் பெருமையுடைய பணிக்கு எதிரி யார்? பெருங்குழுமமா? பூட்டா? தடைமடலா? அவற்றையெல்லாம் தொண்டர் கடந்துள்ளனர். அவர்களை வீழ்த்துவது களைப்பும் தனிமையுமே.

2014 ஏப்பிரலில் 'ஓபன் எசு.எசு.எல்.' எனும் திறவூற்று நிரற்றொகுதியில் ஒரு கொடிய வழு வெளிப்பட்டது. இணையத்தில் கமுக்கச் செய்திகளை மறையிட்டு அனுப்புவதற்கு உலகமே நம்பியிருந்த தொகுதி அது. ஆண்டிராய்டின் 4.1.1 பதிப்பைக் கொண்ட கைப்பேசிகளும் அவ்வழுவுக்கு ஆட்பட்டன. உலகெங்கும் பெருவணிகங்கள் அதனைக் கொண்டு பொருளீட்டிக்கொண்டிருக்க, அதற்கெனக் கிடைத்த நன்கொடையோ ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 தாலர்! முழுநேரமாக அதில் உழைத்தவர் ஒரே ஒருவர். ஊர் முழுவதும் நீரெடுக்கும் கிணற்றுக்குத் தூர்வார ஒருவனை மட்டும் விட்டுவிட்டு, நீர் கலங்கியது என்று ஊர் கூடி அலறிய கதை அது.

2024இல் நிகழ்ந்தது இன்னும் அச்சந்தருவது. கோப்புகளைச் சுருக்கும் 'எக்சு இசட்' எனும் திறவூற்றுத் தொகுதியை நெடுங்காலம் ஒருவரே பேணிவந்தார். அவர் தளர்ந்திருந்த வேளையில், துணைசெய்வதுபோல் வந்த ஒருவர் ஆண்டுக்கணக்கில் நல்லவராய் நடித்து நம்பிக்கை பெற்று, இறுதியில் வழங்கிகளுக்குள் நுழையும் கள்ளவழி ஒன்றை அதில் புதைத்துவிட்டார். அதன் இலக்கு கைப்பேசி அன்று, பெரும் வழங்கிகளே. ஆயினும் பாடம் எல்லார்க்கும் ஒன்றே. அதனைக் கண்டுபிடித்தவர் ஆண்டிரசு பிராய்ண்டு எனும் பொறியாளர். வேறொன்றை ஆய்ந்துகொண்டிருந்தபொழுது, உள்நுழைவு அரை நொடி தாழ்வதைக் கண்டு, "ஏன்?" என்று கேட்டார். மார்ச்சு 29ஆம் நாள் உண்மை வெளிவந்தது. அரை நொடியைப் புறக்கணியாத ஓர் ஆய்வாளர் உலகைக் காத்தார். பேணுநரின் களைப்பு கதவைத் திறந்தது. ஆய்வாளரின் கூர்மை அதனை மூடியது.

இன்று புதுத்தடைகளும் எழுகின்றன. கூகுள் குழுமம் 2025 சூனில் ஆண்டிராய்டின் 16ஆம் பதிப்பின் ஊற்றை வெளியிட்டபொழுது, தன் பிக்சல் கைப்பேசிகட்கெனத் தொண்டர்க்கு முன்பெல்லாம் உடன்தந்த கருவிசார் நிரற்பகுதிகளைத் தரவில்லை. முன்பு கையில் கிடைத்ததை இனித் தேடித்தேடிக் கண்டறிய வேண்டிய நிலை. மறுபுறம், அதே சூன் 20ஆம் நாள் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு புதுச்சட்டம் செயலுக்கு வந்தது. திறன்பேசி வகையொன்றின் விற்பனை முடிந்த நாளிலிருந்து ஐந்தாண்டுகளேனும் இயங்குதளத் திருத்தங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. வரவேற்கத்தக்கதே. ஆயினும் சட்டத்தின் ஐந்தாண்டு முடிந்த மறுநாளும் கருவி வாழத் தகுதியுடையதாகவே இருக்கும். அன்று அதன் கதவைத் தட்டுபவர் தொண்டராகவே இருப்பார்.

தமிழர் செய்யத்தக்கது

இப்பணியில் தமிழர்க்கென்றே ஓர் இடம் உண்டு. கைப்பேசித் திரையில் தமிழெழுத்தைக் கோத்துக் காட்டுவதும் திறவூற்று நிரலே. 'கொ' எனும் ஓரெழுத்தில் ஒற்றைக் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்க, இடையே ககரம் அமர வேண்டும். நிரலில் வழு நேர்ந்தால் கொம்பு ஓரிடமும் கால் ஓரிடமுமாய்ச் சிதறும். அல்லது புள்ளிவட்டம் ஒன்று இடையே புகுந்து நிற்கும். பிறமொழிப் பொறியாளர் கண்ணுக்கு அதுவும் ஓர் எழுத்தே. அது சிதைவு என்று சொல்ல வல்லவர் தமிழ் படித்தவர் மட்டுமே. ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் அடங்கும் ஒரு சொல் தமிழில் பன்னிரண்டு எழுத்தாய் நீண்டு, பொத்தானுக்கு வெளியே வழிந்து பாதி மறைவதையும் தமிழரே காண்பர். கண்டும் சொல்லாது விட்டால், பதிப்புக்குப் பதிப்பு அச்சிதைவே நிலைபெறும். பின்னர் மொழியின்மேல் குறை கூறுவர். வழு நிரலில் இருந்தது என்பதை எவரும் நினையார்.

எனவே இளைஞர்களே! பெட்டியறையில் கிடக்கும் பழங்கைப்பேசியை வெளியே எடுங்கள். அது திறவூற்று இயங்குதளத்தின் பட்டியலில் உள்ளதா எனப் பாருங்கள். உள்ளிருக்கும் படங்களையும் எண்களையும் முதலில் வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். பின்னர் வழிகாட்டியை வரிவிடாது படித்துப் புதுப்பதிப்பை ஏற்றுங்கள். ஏற்றியபின் ஆய்ந்து பாருங்கள். வழு கண்டால் ஆறு கூறும் அமைய அறிக்கை எழுதுங்கள். பேணுநர்க்கு நன்றி சொல்லுங்கள். இயன்றோர் பொருளும் தாருங்கள். நிரல் கற்றவர்கள் ஒரே ஒரு கருவிக்கேனும் பேணுநராகப் பொறுப்பேற்றிடுங்கள். ஏற்க இயலாத நாள் வந்தால் மறைந்து போகாது, வெளிப்படச் சொல்லி அடுத்தவர் கையில் ஒப்படையுங்கள். அதுவும் பேணுதலின் ஒரு பகுதியே.

பெரியோர்களே! உழவைப் பாடிய வள்ளுவப் பெருந்தகை உழுதலோடு நிறுத்தவில்லை. எருவையும் களையெடுப்பையும் நீரையும் கூறி, அவற்றின்மேல் காவலைக் கூறினார். உழுதவன் விளைவு காவலின்றி வீடு வந்து சேர்வதில்லை. திறவூற்று எனும் வயலை உழுதோர் உழுதுவிட்டனர். உரிமை முறியும் எழுதித் தந்துவிட்டனர். இனி அதன் வாழ்வும் தாழ்வும் காவலைப் பொறுத்தவை. பெற்ற உரிமை ஏட்டில் கிடந்தால் செல்லுக்கு இரை. நாள்தோறும் எடுத்து ஆண்டால் மக்கட்கு வாழ்வு. ஒவ்வொரு திங்களும் கூரையேற ஓர் ஆள் உள்ளவரை அவ்வீடு ஒழுகாது.

அவ்வாட்களுள் தமிழர் சிலரேனும் நிற்க வேண்டும். நிற்பார்களாக!